பேறுகாலத்தில் குடும்பத்தின் இடம்: இலங்கையின் மருத்துவமாது சேவை காட்டும் வழி

கருவுற்ற நாள் முதல் பிள்ளை பெற்ற ஆறாவது வாரம் வரை ஒரு பெண்ணுக்கு நேரக்கூடிய ஆபத்துகளை, அவை வரும் வேகத்தைக் கொண்டு இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காததால் ஏற்படும் பெரும் இரத்தப்போக்கு, பிறந்த குழந்தைக்கு மூச்சு வராமை போன்றவை நிமிடக் கணக்கில் உயிரைப் பறிப்பவை. அவற்றைச் சமாளிக்க மருத்துவமனையும் இரத்த வங்கியும் அறுவை அரங்கும் வேண்டும். இரத்தசோகை, மெல்ல ஏறும் இரத்த அழுத்தம், கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு போன்றவையோ வாரக் கணக்கில், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வளர்பவை. அவற்றை உரிய காலத்தில் கண்டுகொள்ள, அந்த வீட்டுக்குப் போய்வரும் பயிற்சி பெற்ற ஒருவரும், அவர் சொன்னதை விளங்கிக்கொண்டு அவர் இல்லாத நாட்களில் கவனித்துக்கொள்ளும் குடும்பமும் தேவைப்படுகின்றனர். இந்த இரண்டாம் தேவையை நிறைவேற்ற உருவானதே குடும்பத்தை மையமாகக் கொண்ட பேறுகாலப் பராமரிப்பு.

இப்பராமரிப்பைத் தாங்கி நிற்பவர் இலங்கையில் மருத்துவமாது எனப்படுகிறார். இயல்பான கர்ப்பத்தையும் பிரசவத்தையும் தாமே கவனிக்கவும், இயல்பு பிறழும் அறிகுறிகளைக் கண்டவுடன் மருத்துவரிடம் அனுப்பவும், பிள்ளை பிறந்தபின் தாயையும் சேயையும் தொடர்ந்து பார்த்துக்கொள்ளவும் பயிற்சியும் பதிவும் பெற்றவர் அவர். பட்டறிவை மட்டும் கொண்டு பிள்ளைப்பேறு பார்த்த பழைய ஊர் மருத்துவிச்சியிலிருந்து அவரை வேறுபடுத்துவன இந்தப் பயிற்சியும், அவருக்குப் பின்னே நிற்கும் மருத்துவ அமைப்புமே. குடும்பத்தை மையமாகக் கொள்வது என்றால் பிரசவத்தை மீண்டும் வீட்டுக்கு மாற்றுவது என்றோ, முடிவெடுக்கும் உரிமையைக் கணவரிடமோ மாமியாரிடமோ ஒப்படைப்பது என்றோ சிலர் கருதுவதுண்டு. உண்மையில், பெண்ணின் விருப்பமும் உடல்நலமும் நடுவில் இருக்க, அவள் தேர்ந்தெடுக்கும் உறவினர் செய்தி அறிந்த துணைவராக அவளைச் சுற்றி நிற்பதும், கர்ப்பம், பிரசவம், பேற்றுக்குப் பிந்திய காலம் ஆகிய மூன்றும் துண்டுபடாத ஒரே கவனிப்பாக அமைவதுமே இதன் பொருள்.

களுத்துறையில் தொடங்கிய முறை

இலங்கையில் நவீன மகப்பேற்று மருத்துவம் முதலில் மருத்துவமனைகளின் வழியே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததோடு மகப்பேற்று மருத்துவ நூலொன்றையும் தமிழில் வெளியிட்டார். 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது; 1898இல் யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் மருத்துவமனை நிறுவப்பட்டது. எனினும், தேடி வந்தவர்களுக்கே இவை உதவின. வராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே, எந்த நிலையில் இருந்தனர் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் முறை 1926இல், ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு களுத்துறையில் அமைக்கப்பட்ட முதல் சுகாதாரப் பிரிவில் உருப்பெற்றது. குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் மக்கள் அனைவரின் நலத்துக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியும் அவரின் கீழுள்ள ஊழியர்களும் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை விதி. நோயாளி வரும்வரை காத்திருக்கும் மருத்துவத்திலிருந்து, யாருக்கு எது தேவை என்று முன்கூட்டியே தேடிச் செல்லும் மருத்துவத்துக்கு இவ்விதி வழி திறந்தது. அந்த எல்லைக்குள் வீடு வீடாகச் செல்லும் பணி மருத்துவமாதுக்கு உரியதாயிற்று. இம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவியதன் விளைவாக, இன்று களப்பணியில் இருக்கும் ஒரு மருத்துவமாதுவின் பொறுப்பில் ஏறத்தாழ 3,000 மக்கள் வாழும் பகுதி ஒன்று ஒப்படைக்கப்படுகிறது. தாதியர் பயிற்சிக் கல்லூரியிலும் களத்திலுமாக ஒன்றரை ஆண்டுப் பயிற்சி பெற்ற அவர், குடும்ப நல உத்தியோகத்தர் என்ற பெயராலும் அறியப்படுகிறார்.

1930களில் இலங்கையில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தனர். 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய் அந்நிலையை மேலும் மோசமாக்கியது. 1940களின் பிற்பகுதியில் இந்த விகிதம் சில ஆண்டுகளிலேயே பாதியாகச் சரிந்து, பின்னரும் தொடர்ந்து குறைந்து, அண்மைக் காலத்தில் 30ஐ ஒட்டிய அளவுக்கு வந்துள்ளது. இப்புகழ் முழுவதையும் மருத்துவமாதுக்கே உரியதாக்குவது பிழையாகும். மலேரியாக் கட்டுப்பாடு, பென்சிலின், இரத்தமேற்றும் வசதி, இலவச மருத்துவம், பெண்களையும் பள்ளிக்கு அனுப்பிய இலவசக் கல்வி ஆகியன சேர்ந்தே இம்மாற்றத்தைக் கொண்டுவந்தன. ஆயினும், மருத்துவமனையில் கிடைத்த இந்த வசதிகளை வீட்டிலிருந்த பெண்ணோடு இணைத்த கண்ணி மருத்துவமாதுவே என்பதை 2003இல் உலக வங்கி வெளியிட்ட, மலேசியாவையும் இலங்கையையும் ஒப்பிட்ட ஆய்வு விரிவாக எடுத்துக்காட்டியது. தொடக்கத்தில் வீட்டிலேயே பிரசவம் பார்த்த மருத்துவமாதுக்கள், மருத்துவமனைகள் பெருகிய பின் தாய்மாரை அங்கே போகச் செய்தனர். வீட்டில் அவர்கள்மீது ஏற்பட்டிருந்த நம்பிக்கையே அந்த இடமாற்றத்தை எளிதாக்கியது.

கருவுறும் முன்பே தொடங்கும் கவனிப்பு

மருத்துவமாதுவின் பணி கர்ப்பத்துக்கும் முன்பே தொடங்குகிறது. தம் பகுதியில் பிள்ளைபெறும் வயதிலுள்ள தம்பதியரை அவர் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்கிறார். புதிதாக மணமானவர் யார், அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட விரும்புபவர் யார், இதயநோயோ நீரிழிவோ உள்ளவர் யார் என்பவற்றை அறிய அப்பதிவேடு உதவுகிறது. கருவுறத் திட்டமிடும் பெண்ணுக்குப் போலிக் அமில மாத்திரை அப்போதே கொடுக்கப்படுவதற்கு வலுவான காரணம் உண்டு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருவுற்ற நான்கு வாரங்களுக்குள், அதாவது பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை உறுதிசெய்யும் முன்பே, மூடிவிடுகிறது. அதன்பின் தொடங்கும் மாத்திரை அந்தக் குறைபாட்டைத் தடுக்க உதவுவதில்லை.

கர்ப்பம் உறுதியானதும் எட்டு வாரத்துக்குள் பதிவுசெய்துகொள்வதை இலங்கையின் தாய் சேய் நலத் திட்டம் வலியுறுத்துகிறது. முதல் பதிவின்போது செய்யப்படும் இரத்தப் பரிசோதனையில் இரத்தசோகையோடு எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகிய தொற்றுகளும் ஆராயப்படுகின்றன. இந்த இரண்டும் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்ததற்கு, அநேகமாக ஒவ்வொரு கர்ப்பிணியையும் எட்டிவிடும் இந்தப் பதிவு முறை முக்கிய அடித்தளமாக இருந்தது. அதன்பின் கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வர, மருத்துவமாதுவும் அவர்கள் வீட்டுக்குச் செல்கிறார். இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டு, இருபதாவது வாரத்துக்குப் பின் சிறுநீரில் புரதமும் காணப்பட்டால், அது வலிப்பில் போய் முடியக்கூடிய கர்ப்பகால நச்சுநிலையின் அறிகுறியாகலாம். வயிற்றின் உயரத்தை நாடாவால் அளப்பது குழந்தையின் வளர்ச்சியைக் காட்டும். இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை என்றாலும், ஒரே பெண்ணை ஒரே கை மீண்டும் மீண்டும் அளந்து முந்தைய அளவோடு ஒப்பிடும்போதுதான் அவ்வளவுகளுக்குப் பொருள் கிடைக்கிறது.

கிளினிக்கில் தெரியாத பலவற்றை வீடு காட்டிவிடுகிறது. அடுப்படியில் யார் சமைக்கிறார், சமைத்ததில் கர்ப்பிணிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, கொடுக்கப்பட்ட இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ளப்படுகிறதா அல்லது வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒதுக்கப்பட்டுவிட்டதா, அரசு கொடுக்கும் திரிபோஷ என்னும் சத்துமா அவளுக்குச் சேர்கிறதா அல்லது வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கிடப்படுகிறதா என்பவை நேரில் சென்றால்தான் தெரியும். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறையும் என்ற செய்தியைக் கர்ப்பிணியிடம் மட்டும் சொல்வதைவிட, வீட்டில் தேநீர் ஊற்றிக் கொடுப்பவரும் கேட்கும்படி சொல்வதே பயன் தருகிறது.

குடும்பத்தோடு சேர்ந்து பேறுகாலத் திட்டம் ஒன்றைப் பேசி முடிப்பது இக்கட்டத்தின் மிக முக்கியமான பணியாகும். எந்த மருத்துவமனை, இரவில் வலி கண்டால் எந்த வாகனம், மூத்த பிள்ளையைப் பார்ப்பவர் யார், தேவைப்பட்டால் இரத்தம் கொடுக்கக்கூடியவர் யார், பிரசவ அறையில் துணையிருப்பவர் யார் என்ற கேள்விகளுக்கு முன்பே விடை கண்டுவைப்பதே அத்திட்டம். அதோடு இரத்தக் கசிவு, பனிக்குட நீர் உடைதல், தாங்காத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய அபாய அறிகுறிகளை வீட்டிலுள்ள பெரியவர்களும் அறிந்திருக்க வேண்டும். அபாயத்தை உணர்வதில் ஏற்படும் தாமதம், மருத்துவமனையை அடைவதில் ஏற்படும் தாமதம், அங்கு உரிய சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் என்று தாய்மாரின் மரணத்துக்குப் பின்னாலுள்ள தாமதங்களை வல்லுநர்கள் மூன்றாக வகுப்பர். முதல் இரண்டும் பெரும்பாலும் வீட்டிலும் வழியிலும் நேர்பவை என்பதால் அவற்றைக் குறைக்கக் குடும்பத்தின் ஒத்துழைப்பு இன்றியமையாதது.

பிரசவ அறையின் வாசலில் அறுபடும் தொடர்ச்சி

இம்முறையின் பெரிய இடைவெளி பிரசவத்தின்போது வெளிப்படுகிறது. இலங்கையில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கின்றன. அங்கே பிரசவம் பார்ப்பவர்கள் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவமாதுக்கள், தாதியர், மருத்துவர்கள். ஒன்பது மாதமாக வீட்டுக்கு வந்துபோன மருத்துவமாது பிரசவ அறையில் இருப்பதில்லை. ஆகவே, தன்னை அறிந்த ஒருவர் மிகவும் தேவைப்படும் நேரத்தில் பெண் அறியாதவர்களிடையே இருக்க நேர்கிறது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் பிரசவத் துணைவர். அவரின் இருப்பு ஆறுதலுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை உடலியலும் ஆய்வுகளும் ஏற்பதில்லை.

பிரசவ வலியை உண்டாக்கிக் கருப்பையைச் சுருங்கச் செய்வது மூளையிலிருந்து சுரக்கும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர். அச்சமும் தனிமையும் மிகும்போது உடலில் அட்ரினலின் பெருகி, கருப்பையின் சுருக்கங்களைத் தளர்த்திப் பிரசவத்தை நீட்டக்கூடும். பிரசவம் நீண்டால் மருந்து கொடுத்து வலியைக் கூட்டுவதும், அதனால் வலிநீக்க மருந்து தேவைப்படுவதும், இறுதியில் ஆயுதப் பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ நேர்வதும் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடியவை. 1980இல் குவாத்தமாலாவில் தலைப்பிரசவப் பெண்களிடையே நடந்த ஆய்வொன்றில், முன்பின் அறியாத பெண்ணொருத்தி உடனிருந்து ஆதரவளித்தபோதே பிரசவ நேரம் வெகுவாகக் குறைந்தது கண்டறியப்பட்டது. அதன்பின் பல நாடுகளில் நடந்து, 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வும், தொடர்ந்த துணை கிடைத்த பெண்களிடையே இயல்பான பிரசவம் கூடுவதையும், பிரசவ நேரமும் அறுவைப் பிரசவமும் குறைவதையும் காட்டியது.

துணைவராக வருபவர் எதைச் செய்ய வேண்டும் என்பதை அவரும் அறிந்திருக்க வேண்டும். இடுப்பை அழுத்தித் தடவுவது, தண்ணீரும் எளிய உணவும் கொடுப்பது, நடக்கவும் நிற்கவும் தோள்கொடுப்பது, மூச்சை நிதானப்படுத்த நினைவூட்டுவது, மாற்றம் தெரிந்தால் ஊழியரை அழைப்பது ஆகியவை அவருக்கு உரியவை. மருத்துவ முடிவுகளில் தலையிடுவதும், இன்னும் ஏன் அறுவை செய்யவில்லை என்று வெளியிலுள்ள உறவினர் சார்பில் நெருக்குவதும் அவருக்கு உரியவை அல்ல. துணைவரைப் பெண்ணே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்புப் பரிந்துரைகள் கூறுகின்றன. கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் விரிந்த பின்னரே பிரசவத்தின் தீவிரக் கட்டம் தொடங்குகிறது என்றும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் விரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிரசவத்தை விரைவுபடுத்த வேண்டியதில்லை என்றும், பிறப்புறுப்பின் வாயை வழக்கமாகக் கத்தரிப்பதும் மயிர் மழிப்பதும் எனிமா கொடுப்பதும் தேவையற்றவை என்றும் அதே ஆவணம் தெளிவுபடுத்தியது.

பிரசவ அறையிலும் தொடர்ச்சியைக் காக்க நியூசிலாந்து வேறொரு வழியைத் தேர்ந்தது. 1990இல் அங்கு செய்யப்பட்ட சட்டத் திருத்தம் மருத்துவமாதுக்கள் தனித்து இயங்க இடமளித்தது. அதன் தொடர்ச்சியாக உருவான முறையில், பெரும்பாலான பெண்கள் தாம் தேர்ந்தெடுத்த ஒரு மருத்துவமாதுவின் கவனிப்பிலேயே கர்ப்பகாலத்தையும் பிரசவத்தையும் பிள்ளை பிறந்தபின் வரும் வாரங்களையும் கடக்கின்றனர். இத்தகைய தொடர் கவனிப்பைப் பற்றிய 17 ஆய்வுகளைத் தொகுத்த 2024ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அறுவைப் பிரசவம் குறைவதையும் தாய்மாரின் மனநிறைவு கூடுவதையும் பதிவுசெய்கிறது. ஆயினும் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வருவாய் மிகுந்த நாடுகளில் நடந்தவை. ஆள்பற்றாக்குறை மிகுந்த தெற்காசிய மருத்துவமனைகளில் அதே முறையை உடனே கொண்டுவருவது கடினம் என்பதாலேயே, குடும்பத்துத் துணைவர் இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறார்.

பிள்ளை பிறந்தபின் வரும் ஆறு வாரங்கள்

பிள்ளை பிறந்தவுடன் தாயின் வெற்று மார்பில் குழந்தையைக் கிடத்துவது, தொப்புள்கொடியை ஒரு நிமிடத்துக்கு முன் கட்டாமல் இருப்பது, முதல் மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்குவது, முதல் 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்டாமல் இருப்பது ஆகியவை இன்று எங்கும் ஏற்கப்பட்ட நடைமுறைகள். தாயின் தோல் குழந்தையின் உடல் வெப்பத்தைக் காக்கிறது. சற்றுத் தாமதித்துக் கொடியைக் கட்டுவதால் நச்சுக்கொடியிலுள்ள இரத்தம் குழந்தைக்குச் சேர்ந்து பின்னாளில் இரும்புச்சத்துக் குறைவைத் தடுக்க உதவுகிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளைக் கங்காரு முறையில் மார்போடு அணைத்து வைத்துப் பேணும் வழக்கம் 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறைக்கு மாற்றாகத் தொடங்கப்பட்டது. தந்தையும் பாட்டியும் கூட அதைச் செய்யலாம் என்பதால், குடும்பம் நேரடியாகவே சிகிச்சையின் பகுதியாகிவிடும் அரிய எடுத்துக்காட்டு அது.

இயல்பான பிரசவமானால் ஓரிரு நாளில் தாய் வீடு திரும்பிவிடுகிறாள்; தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து மிகுந்த முதல் வாரத்தின் பெரும்பகுதி வீட்டிலேயே கழிகிறது. இங்கே ஊர் மருத்துவமாது மீண்டும் வருகிறார். முதல் பத்து நாட்களுக்குள் இருமுறையும், நான்காவது வாரம் முடிவதற்குள் ஒருமுறையும், 42ஆம் நாளையொட்டி ஒருமுறையும் அவர் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்பது இலங்கையின் நடைமுறை. இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தையல் ஆறும் விதம், மார்பில் கட்டு ஆகியவற்றைத் தாயிடமும், பால் குடிக்காமை, நிமிடத்துக்கு 60க்கு மேற்பட்ட மூச்சு, உடல் சூடாதல் அல்லது குளிர்தல், முதல் நாளிலேயே தோன்றும் மஞ்சள் நிறம் ஆகியவற்றைக் குழந்தையிடமும் அவர் தேடுகிறார். குழந்தை பால் அருந்துவதை அருகிலிருந்து பார்த்து, பிடிப்பைத் திருத்திக் கொடுப்பதும் இவ்வருகையின் பகுதியாகும். இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டுமே அருந்துவதாக 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு காட்டியது. பால் போதவில்லை என்ற ஐயம் எழும் முதல் வாரத்திலேயே வீட்டுக்கு ஒருவர் வந்து விளக்குவது அதற்குப் பெரிதும் துணைசெய்கிறது.

மரபான வழக்கங்களோடு உரையாடும் திறனும் இக்காலத்தில்தான் மருத்துவமாதுவிடம் மிகவும் வேண்டப்படுகிறது. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாய்க்கு வீட்டுவேலை இல்லை. சரக்கு அரைத்துச் சமைத்த பத்தியக் கறியும், வேதுநீரும், தாய் வீட்டாரின் பணிவிடையும் அவளுக்கு உண்டு. ஓய்வும் சூடான உணவும் உடனிருக்கும் பெண்களும் நலம் தருபவை ஆதலால் இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அறியாமை. அதே வேளையில், வயிறு ஊதும் என்று தண்ணீரைக் குறைப்பதும், பத்தியத்தின் பெயரால் பழத்தையும் கீரையையும் விலக்குவதும், சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும், துடக்கைக் காரணம்காட்டிக் காய்ச்சல் கண்ட தாயை வீட்டிலேயே வைத்திருப்பதும் தீங்கு விளைவிப்பவை. நல்லதை ஏற்று, தீங்கற்றதை அப்படியே விட்டு, தீங்கானதை மட்டும் காரணம் சொல்லி மாற்றும் மருத்துவமாதுவுக்கு வீட்டுப் பாட்டியே துணையாகிவிடுகிறார். எல்லாவற்றையும் ஒருசேரக் கண்டிப்பவருக்கு அவ்வீட்டின் கதவு அடுத்தமுறை பாதியே திறக்கும்.

மனநலம் இன்னும் நுட்பமானது. பிள்ளை பிறந்த முதல் சில நாட்களில் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் தாமாகவே நீங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் துயரமும் உறக்கமின்மையும் குழந்தைமீது பற்றின்மையும் நீடித்தால் அது பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வாகலாம். 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் தமிழிலும் பயன்படுத்தப்படுகிறது. அதில் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்விக்கு ஆம் என்ற விடை வந்தால், மொத்தப் புள்ளி எவ்வளவாயினும் உடனடிக் கவனிப்பு வேண்டும். தாய் சிரிப்பதை நிறுத்திவிட்டாள் என்பதை முதலில் காண்பவர்கள் வீட்டாரே என்பதால், அது சோம்பலோ நன்றியின்மையோ அல்ல, சிகிச்சையால் தீரும் நோய் என்று அவர்களுக்கு முன்பே சொல்லிவைப்பது அவசியம்.

குடும்பம் எல்லை மீறும்போது

குடும்பத்தை மையமாகக் கொள்வதில் ஓர் இடரும் உண்டு. எல்லா வீடுகளும் பெண்ணுக்குப் பாதுகாப்பானவை அல்ல. அடுத்த பிள்ளை எப்போது, கருத்தடை வேண்டுமா, எந்த மருத்துவமனை என்ற முடிவுகளை அவளைக் கேளாமலே எடுக்கும் வீடுகள் உண்டு. கர்ப்பகாலத்திலும் அடிபடும் பெண்கள் உண்டு. எனவே ஒவ்வொரு வருகையிலும் சிறிது நேரமாவது பெண்ணோடு தனியே பேசுவதும், அவள் சொன்னதை அவள் அனுமதியின்றி வீட்டாரிடம் வெளியிடாமையும் மருத்துவமாதுவின் தொழில் நெறியாகும். எடை நிறுத்தல், வயிறு பரிசோதித்தல் போன்ற செயல்கள் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்ல இயல்பான காரணம் தருகின்றன. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக இலங்கை அரச மருத்துவமனைகளில் இயங்கும் நட்பு நிலையம் போன்ற உதவி மையங்களுக்கு வழிகாட்டுவதும் அவர் பணியில் அடங்கும்.

சேவை எல்லார்க்கும் ஒரே தரத்தில் கிடைத்துவிடவில்லை என்பதும் உண்மை. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் வெற்றிடமான பணியிடங்கள் பல நிரப்பப்படாமல் இருந்தன. மலையகத் தோட்டங்களில் தாய்மாரின் கவனிப்பு நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்து, பின்னரே படிப்படியாக அரச சேவையோடு இணைந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிளினிக் நாள் என்பது ஒரு நாள் கூலியை இழப்பதாகவும், தமிழ் தெரியாத ஊழியர் வரும்போது ஆலோசனை என்பது சைகையளவில் முடிந்துபோவதாகவும் அமைந்துவிடுவதுண்டு. லயன் அறையில் பலரோடு வாழும் பெண்ணுக்குத் தனியே பேச இடமே இல்லாதபோது, மேற்சொன்ன நெறியைக் கடைப்பிடிப்பதும் எளிதன்று.

தமிழகத்துக்கான பாடம்

தமிழகத்திலும் இதற்கு இணையான அமைப்பு உண்டு. ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து தொடர்கிறார். அரசு மருத்துவமனைகளில் பெண் உறவினர் ஒருவரைப் பிரசவத் துணையாக அனுமதிக்கும் திட்டத்தை இந்தியாவிலேயே முந்தித் தொடங்கிய மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கு 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அவற்றுள் அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளிலோ 63.8 விழுக்காடு. பெண்களை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் பணி ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், அங்கே அவர்கள் எப்படிப் பிள்ளை பெறுகிறார்கள், திரும்பிய பின் யார் அவர்களைப் பார்க்கிறார்கள் என்பவையே இனி எஞ்சும் கேள்விகள். செவிலியர்களுக்கு ஒன்றரை ஆண்டுச் சிறப்புப் பயிற்சி அளித்து, இயல்பான பிரசவங்களை அவர்களே முன்னின்று நடத்தும் பிரிவுகளை உருவாக்க 2018இல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை முதல் கேள்விக்கு விடைதேடும் முயற்சியாகும்.

ஒரு மகப்பேற்றுச் சேவை குடும்பத்தை மையமாகக் கொண்டதா என்பதை அறிய நான்கு கேள்விகள் போதும்: கர்ப்ப காலம் முழுவதும் அப்பெண்ணைப் பெயர் சொல்லி அறிந்த ஓர் ஊழியர் இருந்தாரா, பிரசவத்தின்போது உடனிருப்பவரை அவளே தேர்ந்தெடுத்தாளா, பிள்ளை பிறந்த பத்து நாட்களுக்குள் யாராவது வீட்டுக்கு வந்தார்களா, இவற்றுக்கிடையே ஒருமுறையேனும் அவளோடு தனியே பேசப்பட்டதா. இவற்றுக்கு ஆம் என்ற விடை கிடைக்க வேண்டுமானால், நிரப்பப்பட்ட பணியிடங்களும், ஓர் ஊழியர் கவனித்து முடிக்கக்கூடிய அளவிலான மக்கள்தொகையும், போக்குவரத்துப் படியும், பிரசவ அறையின் கட்டில்களுக்கிடையே திரையும் வேண்டும். இவை எவையும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல என்பதாலேயே வரவுசெலவுத் திட்டங்களில் எளிதில் தள்ளிப்போடப்படுகின்றன. களுத்துறையில் தொடங்கி நூறாண்டை எட்டும் அனுபவமோ, தாய்மாரின் உயிரைக் காத்தவற்றுள் இவற்றுக்கு அறுவை அரங்குக்கு ஒப்பான இடம் உண்டு என்பதை நிறுவியிருக்கிறது.